வீட்டில் எதற்கு எவ்வளவு நேரம்

என்னங்க,

முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் எழுப்பவில்லை. முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன். நம் வாலுப் பெண்ணுக்கு மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் தட்டையே தள்ளிவிடுவாள்.

இந்த வாரம் அவளுடைய இரண்டாம் வகுப்பில் கடிகாரம் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிவந்து, இன்று எல்லார் முன்னாலும் படிக்க வேண்டுமாம். நோட்டைப் பையில் வைக்கும்போது பார்த்தேன். பல் தேய்க்க இரண்டு நிமிடம். அம்மா தலை பின்ன ஏழு நிமிடம். அப்பாவும் அம்மாவும் பேசாமல் இருப்பது மூன்று நாள்.

அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன். எழுந்து வந்துவிட்டாள். "அழிக்காதேம்மா, சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றாள். ரப்பரைப் பையிலேயே போட்டுவிட்டேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஊர் வேலைக்குச் சரி சொல்லிவிட்டீர்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் டீச்சர் முன்னால் அவள் இதைப் படிப்பதை நினைத்தால் இருப்புக்கொள்ளவில்லை. இதுவரை இரண்டு தடவை செருப்பை மாட்டிக் கழற்றிவிட்டேன்.

நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து முடிக்கப் பத்து மணி ஆகும். பிறகு வார்டு போனில் கூப்பிடுங்கள். சண்டை போடவாவது கூப்பிடுங்கள்.

பி.கு. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் அவர்தான் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருகிறார்.

இன்னொன்று. மறுபடி படுக்கப் போகும்போது கேட்டாள், "இன்னைக்குப் பேசிட்டீங்கன்னா மூணுன்னே இருக்கட்டுமா, நாலுன்னு மாத்தணுமா?" அப்பா எழுந்ததும் அவரைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.