வெந்நீர்ப்பை

பாப்பா,

வார்டுக்குள் வருமுன் இதைப் படித்துவிடு. நீ நர்ஸ்; என் பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில் உனக்குப் புரிந்துவிடும். அம்மா முன்னால் எதுவும் கேட்டுவிடாதே.

தொடையிலிருந்து கீழே ரத்தம் போக வேறு குழாய் வைத்துத் தைத்தார்கள். பாதத்துச் சின்னக் குழாய்களும் விரியட்டும் என்று இடுப்புப் பக்கம் நரம்பையும் வெட்டிவிட்டார்கள். பாதம் கதகதப்பானது. அம்மா கண் விழித்ததும் அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள். "புதுக் கால் மாதிரி இருக்குங்க" என்று பக்கத்துக் கட்டில்காரரிடமெல்லாம் பெருமை வேறு.

போன வாரம் ஒருநாள் அது சில்லிட்டுப் போயிருந்தது. பதறியவள் யாரையும் கூப்பிடவில்லை. வெந்நீர்ப்பையை நிரப்பி அடியில் வைத்துவிட்டாள். நான் தூங்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் பாதத்தில் உணர்ச்சிதான் எப்போதோ செத்துப்போச்சே.

அவள் டீ வாங்கப் போன நேரத்தில் டாக்டர் வந்தார். "யாருங்க இதை வெச்சது? உடனே கூப்பிட்டிருந்தா குழாய்ல இருக்கிற அடைப்பை எடுத்துப் பார்த்திருக்கலாம். இப்ப தோலே வெந்துபோச்சு" என்றார்.

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

ரத்தம் நின்றதால் வந்த கொப்புளம் என்று அம்மா நம்புகிறாள். அப்படியே இருக்கட்டும்.

நாளைக்கு அந்தக் காலை எடுக்கிறார்கள்.

சற்று முன் மறுபடி பையோடு வந்தாள். "இந்தக் காலையாவது பாத்துக்கலாங்க" என்று மற்றப் பாதத்தடியில் வைக்கப் போனாள்; அதுவும் மரத்த பாதம்தான். வயிறு வலிக்கிறதென்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நாளை நான் மயக்கத்தில் கிடக்கும்போதும் கொண்டுவருவாள். உனக்குக் குளிர்கிறது என்று சொல்லி வாங்கிக்கொள்.

உன் அப்பா