தரையில் சொட்டாத பால்

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைத் திறந்தால் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறது. வீட்டுக்காரர் இன்னும் அதே தடத்தில்தான் பேருந்து ஓட்டுகிறார். இடுப்பு வலியும் அதேதான்.

நீ விண்ணப்பத்தாள் அனுப்பி இரண்டு மாதமாகியும் நான் பதில் போடவில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். இடம் கிடைத்துவிட்டது அக்கா. வெப்பப் பரிமாற்றிப் பராமரிப்பு, ஆறு மாதப் பயிற்சி, சான்றிதழோடு. இதைப் படித்ததும் துள்ளி எழுந்திருப்பாய். உட்கார். மீதியையும் படி.

அந்தப் பெரிய பெயர் தாளில்தான். பால் ஆலையில் நாங்கள் பிளேட்டு மிஷின் என்போம். மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கியிருக்கும். தகட்டின் ஒரு பக்கம் காய்ச்சிய பால், மறுபக்கம் காய்ச்சாத பால். ஒன்றையொன்று தொடாமலே சூடு மட்டும் கைமாறும். ஒன்பது வருடமாக அதைப் பிரிப்பது, கழுவுவது, ஓரத்து ரப்பரை மாற்றி முடுக்குவது எல்லாம் நான்தான். ஆனால் பதிவேட்டில் நான் துப்புரவுப் பணியாள். பராமரிப்பு வேலை பார்க்கிறவள் என்று ஆலை கடிதம் கொடுத்தால்தான் பயிற்சியில் சேர்ப்பார்கள். மேலாளரை இரண்டு முறை பார்த்தேன். நீ போய்விட்டால் மிஷினை யார் பிரிப்பது என்றார். அதையே தாளில் எழுதிக் கொடுங்கள் என்றால் மாட்டாராம். வேறோர் இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கேட்டார்கள். இன்னோர் இடத்தில் தபாலிலேயே படிக்கலாம் என்றார்கள். நீச்சலைத் தபாலில் படிக்கிற மாதிரி.

போன மாதம் கழுவும்போது ஒரு தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தது. சந்தேகத்துக்கு ஒரு பக்கம் சிவப்புச் சாயம் தடவினேன். மறுபக்கம் புள்ளியாக எட்டிப் பார்த்தது. பொறியாளரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதால் அவருக்கு எங்களிடையே 'கையெழுத்து சார்' என்று பெயர். புதுத் தகடு வரும்போது வரட்டும், இப்போதைக்கு இதையே மாட்டு என்றார். மாட்டினேன். அக்கா, மாட்டிய கை என்னுடையதுதான்.

பதினோராம் நாள், காய்ச்சிய பாலில் காய்ச்சாத பால் கலந்திருப்பதைச் சோதனைக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். மூன்று நாள் பாலைத் திரும்ப வாங்கிக் கொட்டினோம். அதற்குள் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். தேறி வீட்டுக்குப் போய்விட்டதாகச் செய்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுத் தகடு மறுநாளே வந்துவிட்டது.

பொறியாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரப்பரை நீ சரியா உக்கார வைக்கலன்னு எழுதிக் குடு. பயிற்சி இல்லாததால வந்த தப்புன்னு நான் எழுதுறேன். ஆலையே உன்னைப் படிக்க அனுப்பும்."

எழுதாவிட்டால், துப்புரவுக்காரி எதற்குப் பிளேட்டைத் தொட்டாள் என்று விசாரணை வருமாம். வேலையும் போகுமாம். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். வீட்டில் இவரிடம் சொன்னேன். வெகுநேரம் ஷூ நாடாவையே கட்டிக்கொண்டிருந்தார். தன் இடுப்பு இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியவில்லை என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

நேர்முகத்துக்குப் போன இடத்தில் பயிற்சி தருகிறவர் ஒரு பெண்மணி. ஆலைக் கடிதத்தோடு இணைத்திருந்த அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"ரப்பர் பிசகினா பால் எங்கேம்மா போகும்?"

"வெளியே, தரையில சொட்டும்."

"அப்போ உள்ளுக்குள்ள எப்படிக் கலந்துச்சு?"

எனக்குத் தெரியும் அக்கா. தகடு ஓட்டையானால்தான் கலக்கும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஆலையின் கடிதம் செல்லாது, இடமும் போய்விடும். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் இந்தத் தாள் உன் கோப்பிலேயேதான் இருக்கும், அதை எடுக்க எனக்கு அதிகாரமில்லை என்றார்.

திங்கட்கிழமை வகுப்புத் தொடங்குகிறது. படித்து முடித்ததும் மூன்று வருடம் இதே ஆலையில், இதே பொறியாளரின் கீழ் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். அந்தக் குழந்தைகள் எந்தத் தெரு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

சின்னவளைப் பார்த்துக்கொள்ள அம்மா வருகிறாள். ஆலையே என் மகளைப் பொறுக்கியெடுத்து அனுப்புகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது? நீ வேளைக்குச் சாப்பிடு. என்னை வாழ்த்தி எழுதுவாய். நன்றாகப் படி என்று எழுது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுது. பெருமையாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே, அக்கா.

உன் தங்கை