ஓப்பலிடம் கேட்ட கேள்வி

ஜனவரி 9, வியாழன்

இந்தப் பருவத்தில் என் அறையில் கூடும் மதிய உணவுக் குழுவுக்கு மூன்று பிள்ளைகள். டெரன்ஸ் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டான். ஸ்வேயாவுக்குப் பத்து வயது. ஏரியில் போகும் இரும்புத்தாதுக் கப்பல்களைப் பற்றி ஆரம்பித்தால், கேட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து போனதுகூடத் தெரியாமல் பேசுவாள். ஓப்பலுக்கு எட்டு. வீட்டில் வாயாடியாம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து இங்கே யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை.

மார்ச்சில் ஓப்பலைப் பற்றிக் கூட்டம். அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்பது தலைமையாசிரியை பிராண்ட்வோல்டின் எண்ணம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும்—

பிள்ளைகளுக்கு உரையாடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வாயே திறக்காத பிள்ளைக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஜனவரி 14, செவ்வாய்

சுவரில் அட்டை மாட்டினேன். முகத்தைப் பார். கேள். காத்திரு. மூன்றே விதி.

நாய்க்குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது போலிருக்கிறது என்றான் டெரன்ஸ். ஸ்வேயா என்னிடம் எந்தக் கப்பல் பிடிக்கும் என்று கேட்டாள்; நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலும் சொல்லிவிட்டாள். கப்பலை விட்டு மனிதர்களைப் பற்றிக் கேட்டுப் பார், கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் அது வெறும் மரியாதைக்கு இல்லை.

ஜனவரி 16, வியாழன்

ஸ்வேயா இன்று தன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, ஓப்பலின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “நீ ஏன் ஸ்கூல்ல பேச மாட்டேங்கற?”

பள்ளியில் இத்தனை பெரியவர்கள் இருக்கிறோம். அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறோமே தவிர ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பிள்ளை உடைந்துவிடுவாள் என்று பயம். ஓப்பல் தன் உணவுப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்வேயா காத்திருந்தாள். மணி அடித்தது. காத்திருந்தபடியே எழுந்து வகுப்புக்குப் போனாள்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்னும் காத்திருக்கிறாள்! வந்து உட்கார்ந்தாள், ஓப்பலைப் பார்த்தாள், சாப்பிட்டாள், அவ்வளவுதான். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“உனக்கு என்ன ஆச்சு? பேட்டரி தீந்துபோச்சா?” என்றான் டெரன்ஸ்.

“நான் ஒண்ணு கேட்டிருக்கேன். பதில் இன்னும் வரல.”

அவளைத் தனியாக வெளியே அழைத்துப் போய், போதும், விட்டுவிடு என்றேன்.

“பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?”

“ஆமா. ஆனா இவ்வளவு நாளா?”

“எவ்வளவு நேரம்னு நீங்க சொல்லலையே.”

ஜனவரி 23, வியாழன்

ஓப்பலின் அம்மா ரோஷெலுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் ஆரம்பித்தேன். குழுவை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“மாத்தாதீங்க” என்றாள். “தினமும் சாப்பிடும்போது எங்கிட்ட அதைத்தான் பேசறா. ஒரு பொண்ணு என்னை ஒண்ணு கேட்டா, இன்னும் காத்துட்டிருக்கான்னு. பயமா இருக்காடின்னு கேட்டேன். இல்லையாம். பதிலை யோசிச்சிட்டிருக்காளாம்.”

யோசித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ஓப்பலிடம் எதைக் கேட்டாலும், அவள் யோசிக்கும் முன்பே “பரவாயில்லை கண்ணு” என்று நாங்களே முடித்துவைத்துவிடுகிறோம். அன்பினால்தான்.

ஜனவரி 30, வியாழன்

ஒன்றுமில்லை. டெரன்ஸ்கூட இப்போது தாழ்ந்த குரலில்தான் பேசுகிறான்.

பிப்ரவரி 6, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் நடந்தது என்று எனக்கே நம்பிக்கை வரும்.

வெளியே கடுங்குளிர். யாரையும் மைதானத்துக்கு விடவில்லை. டெரன்ஸ் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்குத் தெரியாத ஒரு குரல் கேட்டது. நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிடக் கனமான குரல், கொஞ்சம் கரகரப்பு.

“நான் பேசினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.”

எல்லோரும் திரும்பித்தான் பார்த்தோம். நான் உட்பட. ஓப்பலின் முகம் உடனே சிவந்து, வாய் மூடிக்கொண்டது. ஐயோ, போச்சு என்று நினைத்தேன்.

“சரி” என்றாள் ஸ்வேயா. தன் நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, ஓப்பலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். “இப்ப நான் பாக்கல.”

டெரன்ஸ் ஒன்றும் கேட்காமல் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்தச் சின்ன அறையில் ஆளுக்கொரு பக்கம்.

நேரம் போனது. பிறகு பின்னாலிருந்து அந்தக் குரல்: “நீ ஏன் எப்பவும் கப்பலைப் பத்தியே பேசற?”

ஸ்வேயா யோசித்தாள். “மனுஷங்களைப் பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றாள் ஓப்பல். “நான் நிறைய பாத்திருக்கேன்.”

மணி அடிக்கும்வரை பேசினார்கள். இவள் ஒன்று, அவள் ஒன்று. அலமாரிக் கதவைப் பார்த்தபடி நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். இத்தனை வருஷமாக இதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு உரையாடல் பிறப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்கக்கூட இல்லை. கேட்டேன்.

சாயங்காலம் அட்டையிலிருந்து ‘முகத்தைப் பார்’ என்ற முதல் விதியைக் கத்தரித்து எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

“குறுக்க பேசாத, டெரன்ஸ்” என்றாள் ஓப்பல், நேருக்கு நேர் அவன் முகத்தைப் பார்த்து. நிறுத்தினான்!

மார்ச் 20, வியாழன்

இன்று கூட்டம். ரோஷெல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். பனிக் காலணியிலிருந்து தாழ்வாரமெங்கும் தண்ணீர். வகுப்பறையில் ஓப்பல் இன்னும் இரண்டு பிள்ளைகளிடமாவது பேசத் தொடங்கியிருக்கிறாள், ஆசிரியரிடம் இல்லை, ஆகவே முடிவு எப்படியும் போகலாம் என்று சொல்லிக்கொண்டே ரோஷெலை அழைத்துப் போனேன்.

என் அறை வழியாகத்தான் போக வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஓப்பல் தன் தம்பி குளியலறையில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அப்புறம்?” என்றாள் ஸ்வேயா. டெரன்ஸ் சிரிக்கும் சத்தம்.

ரோஷெல் நின்றுவிட்டாள். கையுறையைக் கழற்றி வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குள் தன் மகளின் குரலை அவள் கேட்டதே இல்லை.

உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று கேட்டேன்.

“வேண்டாங்க” என்றாள், காற்றைப் போல மெதுவாக. “பேசிட்டிருக்கா.”

தாழ்வாரத்தின் கோடியில் பிராண்ட்வோல்ட் எங்களைத் தேடி வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். அவரும் கிட்டே வந்து நின்று கேட்டார். கையிலிருந்த கோப்பு தானாகத் தாழ்ந்தது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

கூட்டம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது. ஓப்பல் எங்கேயும் போகவில்லை.