பிலோ, மழையில் உன்னை அனுப்பவில்லை

என் பிடிவாதக்காரி பிலோவுக்கு,

நேற்று அக்டோபரின் கடைசி நாள். சாந்தோமில், உங்கள் வீட்டில், உனக்கு ஒரு தட்டு வைத்தேன். ஆடியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு வரும் முதல் சௌவின் அல்லவா? நீ வந்தாயா, தெரியவில்லை. உன்னை வழியனுப்பாமல் திரும்பிவிட்டேன் என்பது மட்டும் தெரியும்.

அடையாறில் தங்கியிருந்த இங்கிலாந்துக்காரி மார்கரெட் சொன்னது நினைவிருக்கிறதா? இயற்கையை வழிபடும் அவளுடைய விக்கா மதக்காரர்களுக்கு வருடம் ஒரு சக்கரம். சூரியன் திரும்பும் நாள் இரண்டு, பகலும் இரவும் சமமாகும் நாள் இரண்டு, இடையிடையே நான்கு. ஆக எட்டுப் பண்டிகை. அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் சௌவினில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கும் தட்டு வைத்து, பேசாமல் சாப்பிட்டு, பிறகு கதவைத் திறந்து அனுப்பிவைக்க வேண்டும்.

எட்டையும் நம் மொட்டை மாடியில் கொண்டாடினோம். "அவங்க ஊர்ல இலை கொட்டுது, இங்க மழையில முருங்கை துளிர்க்குது. செத்தவங்களே கொழம்பிப் போயிடுவாங்கடி" என்று சிரிப்பாய்.

உனக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பை எங்காத்துல நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உனக்குத் தட்டு வைக்க அதைச் சமைத்துத் தருவாரா என்று உன் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"இன்னா பொண்ணு நீ? ரெண்டாந்தேதி கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏத்தத்தான் போறோம். அது பத்தாதா? ஃபாதர் காதுல வுழுந்தா என் மானம் போயிடும்!"

சாயங்காலம் நான் போனபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மழையில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று தட்டுகள், எனக்குத் தயிர்சாதம். உன் அம்மாவால் பேசாமல் இருக்க முடியுமா? "முள்ளு பாத்துத் துன்னு" என்றார், உன் நாற்காலியிடம். நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"எம் பொண்ணுகிட்ட பேச உங்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

பிறகு இருவரும் பேசவில்லை. அப்போதுதான் நாற்காலி கிறீச்சிட்டது, நீ பின்னால் சாயும்போது கிறீச்சிடுமே, அப்படி. மழையில் ஊறிய மரம் என்று என் படித்த மூளை உடனே சொன்னது. பின் ஏன் குழம்புக் கிண்ணத்தை உன் பக்கம் நகர்த்தி வைத்தேன்?

சாப்பிட்டு முடித்ததும் கதவைத் திறக்க எழுந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வான்னு சொல்லணும் ஆன்ட்டி. இல்லேன்னா அவ இங்கேயே நின்னுடுவா."

"நிக்கட்டுமே. இப்புடிக் கொட்டுது, இந்த மழையில எம் புள்ளைய வெளிய அனுப்புவேனா?"

எனக்கும் கதவைப் பாதிதான் திறந்தார். பக்கவாட்டில் நுழைந்து தெருவுக்கு வந்தேன். உடனே உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிலோ, அங்கேதான் இருக்கிறாயா? இருப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா? உன்னைப் போகச் சொல்ல நான் யார்? உன்னை வைத்துக்கொள்ளத்தான் அவர் யார் என்று அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க முடியுமா?

டிசம்பரில் சூரியன் திரும்பும் நாளில் வருகிறேன். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பண்டிகைக்கும் வருவேன். தாழ்ப்பாளில் கை வைக்க மாட்டேன். உன் அம்மா தானாக எழுந்து திறக்கும் நாள்வரை, உங்கள் இருவர் பக்கத்திலும் உட்கார்ந்திருப்பேன்.

கூடப் பிறக்காத உன் தங்கை,
வைதேகி