கிணற்றுத் தண்ணீரில் இருபது தெள்ளுகள்

சின்ன காஞ்சிபுரம்
4-2-1974

அன்புத் தங்கை கமலாட்சிக்கு,

நாங்கள் நலம். உன் அண்ணி காந்தாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. நம் சாயப்பட்டறைத் தண்ணீர் தெருக் கிணற்றில் ஊறுகிறதாம். "உன் சாயத்தைத்தாம்பா நாங்க குடிச்சிக்கினு இருக்கறோம்" என்று எதிர்வீட்டு அர்ஜுனன் வாசலில் நின்று கத்துகிறான். அண்ணி குடிப்பதும் அதே தண்ணீர்தானே! நீ காலேஜில் ஏதோ பூச்சியை விட்டுத் தண்ணீரைச் சோதிப்பதாகச் சொன்னாயே? கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், பட்டறைக் கால்வாய்த் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லம்மா.

உன் அண்ணன்
ஆதிகேசவன்

சென்னை
9-2-1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

அது பூச்சி இல்லை, இறால் சாதி. நீர்த்தெள்ளு என்போம், கடுகைவிடச் சிறியது. தண்ணீர் கெட்டால் முதலில் சாவது அதுதான். பாட்டிலுக்கு இருபது விட்டேன். மறுநாள் இரண்டிலும் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அண்ணி அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.

கமலா

சின்ன காஞ்சிபுரம்
13-2-1974

கமலாவுக்கு,

அண்ணியைக் கூரத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டேன். "என் புள்ளைக்கு விஷம் குடுத்துட்டியேய்யா" என்றாள். அதற்குமேல் என் முகத்தையே பார்க்கவில்லை. பட்டறை அடுப்பை அணைத்தாயிற்று. சோதிக்கச் சொன்ன என் வாயைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். "காலேஜுக்குப் போற பாட்டிலு, அழுக்கா இருந்தா நம்ம கமலாவுக்கு அவமானம்" என்று சோப்புத் தூள் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்த மகராசி அவள். அவளுக்கா இந்தக் கதி? எனக்கு மனசே ஆறவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே.

ஆதிகேசவன்

சென்னை
16-2-1974

அண்ணா,

எழுதாமல் இருக்க முடியாது. சோப்புத் தூளா! அந்தப் புதுத் தூள் துளி ஒட்டியிருந்தாலே என் தெள்ளுகள் செத்துப்போகும். பாட்டிலை எப்படிக் கழுவினீர்கள் என்று முதலிலேயே கேட்காத மண்டு நான். புதுப் பாட்டில்கள் அனுப்புகிறேன். எந்தத் தண்ணீரோ அதைக்கொண்டே மூன்று தடவை அலசி நிரப்புங்கள். சோப்பைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள்.

கமலா

சென்னை
25-2-1974

அன்பு அண்ணாவுக்கு,

கிணற்றுத் தண்ணீரில் இருபதும் உயிரோடு இருக்கின்றன! ஒன்று குட்டியே போட்டுவிட்டது, ஏழு குட்டிகள். எண்ணும்போது அழுதுவிட்டேன். எங்கள் பேராசிரியை வேறு சோதனைகளும் செய்து பார்த்து, குடிக்கலாம் என்கிறார். ஆனால் கால்வாய்த் தண்ணீரில் இருபதும் செத்தன. இந்தத் தடவை அதில் சோப்பு இல்லை அண்ணா, சாயம்தான். அது இன்னும் கிணற்றை எட்டவில்லை, அவ்வளவுதான். அர்ஜுனன் பயந்ததில் தப்பில்லை.

உங்கள் கமலா

சின்ன காஞ்சிபுரம்
10-3-1974

என் கண்ணு கமலா,

அண்ணி வந்துவிட்டாள். தெருவே பார்க்க, கிணற்றில் இறைத்து ஒரு சொம்பு மடமடவென்று குடித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கால்வாய் விஷயத்தை அர்ஜுனனிடம் மறைக்காமல் சொன்னேன். அடிக்க வருவான் என்று நினைத்தேன், மண்வெட்டியோடு வந்தான். இருவருமாகக் கால்வாயைத் தூர்த்துவிட்டோம். பட்டறை அடுப்பை மறுபடி மூட்டியாயிற்று, சாயத் தண்ணீரை இப்போது சிமெண்டுத் தொட்டியில் பிடிக்கிறேன். அதை என்ன செய்வது என்று நீதான் படித்துச் சொல்ல வேண்டும். எழுதாதே என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதையும் எழுதச் சொல்கிறாள்: "குட்டி போட்டுதே, அதுக்கு நம்ம கெணத்துத் தண்ணியே ஊத்தச் சொல்லு. வேணும்னா இன்னும் ரெண்டு பாட்டிலு அனுப்பறேன். தேய்க்காம."

உன் அண்ணன்
ஆதிகேசவன்