ஏழு ஐந்தானது

துப்னா
12 மார்ச் 1991

அன்புள்ள கெரா,

உன் மனைவி இன்னா கொடுத்தனுப்பிய உப்புக் காளான் ஜாடி வந்தது. கூடவே நம் கட்டுரையின் தட்டச்சுப் பிரதியும். அதைப் படித்ததும் வாயே கசந்துவிட்டது.

துகள்களின் வினைகளைப் படம் படமாக வரைந்து எட்டு மாதம் நான் கையால் போட்ட கணக்கு. மீச்சமச்சீர்க் கோட்பாட்டின் விசைகளின் வலிமையைக் குறிக்கும் இரண்டு பிணைப்பு மாறிலிகளும் சேர்ந்து வரும் இடத்தில் எனக்கு வந்த எண் ஏழு. நீ ஐந்து என்று அடித்து, என்னைக் கேட்காமல் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டாய். எல்லோரும் நம்பும் சூத்திரம் ஐந்து கேட்கிறது, சரி. அதற்காக மாற்றுவதா? அடிக்குறிப்பு வேறு: முடிவிலிகளைக் கழிக்கும் மறுஇயல்பாக்க முறையை மாற்றினால் வித்தியாசம் மறைந்துவிடுமாம். மாறிலி ஒன்றே என்றால் இந்தச் சாக்கு செல்லும். இரண்டு இருக்கும்போது இந்த எண் எந்த முறையிலும் அசையாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான்.

நேற்று கருத்தரங்கில் எங்கள் ஆய்வுக்கூடத்து வெனியமின் அந்தப் பிரதியைப் புரட்டிவிட்டு, தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "என்ன லீதியா, போன மாசம் பலகையில ஏழுன்னு எழுதினீங்க. மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" எல்லோரும் சிரித்தார்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெறு.

லீதா


மாஸ்கோ
16 மார்ச்

என் கோபக்கார லீதா,

இருபத்தெட்டாம் தேதி உயர் முனைவர் பட்டத்துக்காகத் தேர்வு அவை முன் நிற்கப் போகிறேன். இப்போது கட்டுரையைத் திரும்பப் பெற்றால் நான் தொலைந்தேன். உன் கணக்கில் ஏதோ ஒரு படம் விட்டுப்போயிருக்கும். உட்கார்ந்து தேட எனக்கு நேரமில்லை. அடிக்குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள்? பட்டம் கையில் வரட்டும், திருத்தம் போட்டுக்கொள்ளலாம். இருபது வருடப் பழக்கத்தை ஓர் எண்ணுக்காகவா கெடுத்துக்கொள்வாய்?

உன் கெரா


துப்னா
25 மார்ச்

மதிப்பிற்குரிய கெர்மன் இக்நாத்தியெவிச்,

தேடினேன். விட்டுப்போன படம் கிடைத்தது. சேர்த்துப் போட்டால் ஐந்துதான் வருகிறது. தவறு என்னுடையது, வெனியமினிடமும் சொல்லிவிட்டேன்.

விடை கிடைத்தால் சந்தோஷம் வரவேண்டும். எனக்கு அருவருப்புதான் வந்தது. ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் நீங்கள் அடித்த எண் சரியாகவே நிற்கிறது. இனி யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. சூத்திரம் ஆறு கேட்டிருந்தால் ஆறு அடித்திருப்பீர்கள் என்பது நம் இருவருக்கும் மட்டும் தெரியும்.

அந்தப் படத்தின் கணக்கு நான்கு பக்கம், இத்துடன் இருக்கிறது. அடிக்குறிப்பை எடுத்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பெயரை நீக்கும்படி பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி பயமில்லாமல் போங்கள்.

ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறேன். மாஸ்கோ வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

லீதியா செமியோனொவ்னா