கடல் தொட்டியும் பெண் பார்க்க வந்தவர்களும்

ஜூலை 8, 1974. திங்கள்.

கச்சான் காற்று. வாசல் கூட்டி முடிப்பதற்குள் மறுபடி மண். வாய் முழுக்க உப்பு.

தொட்டியில் இன்னொரு மீன் காணோம். நீலக் குட்டி. முள்கூட மிச்சமில்லை. நேற்று நத்தை ஓடு உடைந்து கிடந்தது. கல்லுக்குள் எதுவோ குடியிருக்கிறது. காப்பி போடும்போது 'டக்' என்று சத்தம், கண்ணாடியைச் சுண்டுகிற மாதிரி.

மாமியாருக்கு அந்தச் சத்தம் கேட்காது. நாற்றம் மட்டும் தெரியும். "டீச்சரம்மா, ஞாயித்துக்கிழம ரோஸ்லினைப் பொண்ணு பாக்க வாராவ. அதுக்குள்ள இந்தக் கவிச்சி போவணும். போவலைன்னா தொட்டி போவும்."

இவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். தாய் பேசினால் புருஷனுக்குக் காது அடைத்துவிடும்.

நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்த இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அலமாரி நாத்தனார் ரோஸ்லினுடையது. ரேடியோ இவருடையது. சுவர் முழுக்க மாமியின் மாதா படங்கள். தொட்டி என் சம்பளத்தில் இரும்புச் சட்டம் அடித்துக் கண்ணாடி பதித்தது. கற்கள் சங்கு குளிக்கிற அந்தோணி அண்ணன் ஈரச் சாக்கில் சுற்றி உயிரோடு கொண்டுவந்தவை. பழுப்புக் கல்தான். ஆனால் பொழுது சாய்ந்தால் பச்சை மொட்டு மொட்டாக விரியும். பவளம். இந்த ஊரில் யாரிடம் சொல்ல? இவர்களுக்குப் பவளக் கல் என்றால் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போவது. இல்லையா, வெளுத்து ஷோகேஸில் வைப்பது.

ஜூலை 10. புதன்.

முள் புழு - பொறி
ஒட்டுச் சாமந்தி - சுண்ணாம்பு
இவர் சட்டைப் பொத்தான்
8-ம் வ. பேப்பர் (பாதிகூட ஆகவில்லை)

நேற்று துணிப் பையில் இறால் தலை கட்டித் தொட்டிக்குள் இறக்கியிருந்தேன். காலையில் பை நிறைய புழு. ஒன்று விரலில் பட்டு, கண்ணாடித் தூள் ஏறியதுபோல் எரிச்சல். பிளாஸ்திரி ஒட்டி உரித்ததில் பாதி முள் வந்தது.

கடல் சாமந்தி பார்க்கப் பூ, ஆனால் வாயுள்ள பிராணி. ஒட்டுச் சாமந்தி அதில் களைச் சாதி. கிள்ளினால் பத்தாகும். கம்பவுண்டர் தந்த பழைய ஊசியில் சுண்ணாம்பைக் கரைத்து ஒவ்வொன்றின் வாயிலும் குத்தினேன். சுருண்டது. மாமியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்த சுண்ணாம்பு. இன்னும் தெரியாது.

ரோஸ்லின் பக்கத்தில் நின்றாள். "மதினி, அந்தக் கல்லத் தேச்சுக் கழுவினா என்ன? ஒரே அழுக்கால்லா இருக்கு."

அழுக்கில்லை, அதுதான் உயிர் என்றேன்.

"சரி மதினி." நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஜூலை 12. வெள்ளி.

பிடித்துவிட்டேன்!

'டக்' சத்தம் வந்த ஓட்டைக் கல்லை வெளியே எடுத்து, கடைச் சோடாவை உடைத்து ஓட்டையில் ஊற்றினேன். துள்ளிக்கொண்டு வந்தது. விரல் நீளம். இறாலும் வெட்டுக்கிளியும் கலந்த மாதிரி. கண் இரண்டும் தனித்தனியாக உருளுகிறது. சனியன். கடல் தண்ணீரோடு ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டிவிட்டுக் கொன்றுவிடலாம்.

கல்லடியில் அது தின்று போட்ட மிச்சம். நாற்றம் அதுதான். வாரிப் போட்டேன். மாலையில் மாமியை வரச்சொன்னேன். குனிந்து மோந்து பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்' போதும். கோமாளி மீன் ஜோடி நல்ல சாதிப் பெரிய சாமந்திக்குள் புரண்டுகொண்டிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷம்.

ஜூலை 13. சனி.

ஸ்பெஷல் கிளாஸ். மதியம் வந்தால் வாசலிலேயே ப்ளீச்சிங் பவுடர் வாடை.

முற்றத்தில் மூன்று பேரும். நடுவில் அண்டா. என் கல் அத்தனையும் கொதிதண்ணீரில் போட்டு, ப்ளீச்சிங் பவுடர் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் பரப்பியிருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று. சாமந்தி சாக்கடை ஓரம், கொழகொழவென்று.

இவருக்கு வாயெல்லாம் பல். "ஒனக்கு வேலை மிச்சம்னு நாங்களே செஞ்சிட்டோம்ளா. ஒரு புழு இல்ல, பாத்துக்கோ."

மீன்?

"வாளில போட்டிருக்கேன்" என்றார் மாமி. "கெணத்துத் தண்ணிதான். சுத்தமா இருக்கு."

எட்டிப் பார்த்தேன். மிதந்தன.

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் வாய் நிறைய சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லை. தலைவலி என்று படுத்தேன். மாமி சுக்குக் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 14. ஞாயிறு.

பூசை முடிந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தொட்டியை விட்டு நகரவில்லை. வெள்ளைக் கல், கிணற்றுத் தண்ணீர், ரோஸ்லின் சொருகிய பிளாஸ்டிக் பூ.

"எம்புட்டு அழகா வச்சிருக்காவ! யாரு கைவேலை?"

"எங்க மருமவ. டீச்சர்லா!" என்றார் மாமி. கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக அந்தச் சொல்லில் குத்தல் இல்லை, பெருமை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்தேன். பாவி எனக்குச் சிரிப்பும் வந்தது.

பேசி முடித்தாயிற்று. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் நிச்சயம். அவர்கள் போனதும் மாமி, "தொட்டி இனி இங்கனயே இருக்கட்டும். ராசியான தொட்டி."

பாத்திரம் கழுவும்போது 'டக்'.

எண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஊறுகாய் பாட்டில். மறந்தே போயிருந்தேன். என் மீனையெல்லாம் தின்ற சனியன். அந்தத் தொட்டியில் உயிரோடு மிச்சம் இது ஒன்றுதான். மூடியைத் திறந்தேன். கண்ணை உருட்டியது. குழம்புக்கு எடுத்ததில் மீந்த இறால் ஒன்றை உரித்துப் போட்டேன். பாய்ந்து பிடித்துக்கொண்டது.

நாளை: கடல் தண்ணீர் ஒரு கேன். கூனி இறால் கொஞ்சம். பெரிய பாட்டில்.